சாணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஊசி போடுங்கள்

போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்குப் போயிருந்தேன். மழை பெய்து கொழுக்கட்டைப் புல் நன்றாகத் துளிர்த்திருந்தது. ஆனால் மாடு போட்ட சாணம் போட்ட இடத்திலேயே கிடந்தது. குச்சியால் புரட்டினால் அடியில் ஒரு துளைகூட இல்லை, சாணி வண்டும் இல்லை.

காட்டுக்காரரை விசாரித்தேன். உண்ணிக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா மாடுகளுக்கும் ஐவர்மெக்டின் ஊசி, உண்ணி, குடற்புழு இரண்டுக்கும் போடும் மருந்து அது. கடையில் வாங்கி அவரே போட்டுக்கொள்கிறார். இந்த வருடம் நான் பார்க்கும் நாலாவது காடு இது.

"மருந்து மாட்டு உடம்புக்குள்ளேயே வேலையை முடிச்சிருமுங்க டாக்டர்" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. ஐவர்மெக்டினின் பெரும்பகுதி வீரியம் குறையாமல் சாணத்தோடுதான் வெளியே வருகிறது. ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து விழும் சாணத்தில்கூட வண்டின் புழு வளராமல் சாகிறது. தாய் வண்டு சாகாததால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. அடுத்த தலைமுறைதான் வருவதில்லை. இதே மருந்தைக் கண்டுபிடித்ததற்காக 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மருந்தைக் குறை சொல்லவில்லை, போடும் முறையைத்தான் சொல்கிறேன்.

தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு வேறு, சாணி வண்டு வேறு. இது சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கிறது. புல்லுக்கு உரம் சேர்கிறது, ஈயும் குடற்புழுவும் பெருக இடம் குறைகிறது. மாட்டுச் சாணத்தைப் புதைக்க உள்ளூர் வண்டுகளால் முடியாமல், ஆஸ்திரேலியாவில் 1960களிலிருந்து வெளிநாட்டு வண்டுகளை இறக்கினார்கள். நமக்கோ நம் ஊர் சாணி வண்டுகள் சும்மா கிடைத்திருக்கின்றன.

சாணத்தைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள், அதில் குடற்புழு முட்டை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம். தேவைப்படும் மாட்டுக்கு மட்டும், எடை பார்த்து மருந்து கொடுத்தால் போதும். குடற்புழுவுக்கு மட்டும் என்றால் ஃபென்பெண்டசோல் என்ற வேறு மருந்து போதுமா என்று கேளுங்கள். வண்டுக்கு அதனால் பாதிப்பு மிகக் குறைவு. கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டினை நீங்களாகப் போடவே போடாதீர்கள், பாலிலும் வரும். ஊசி போட்டே ஆகவேண்டும் என்றால் அந்தச் சாணம் காட்டில் விழாதபடி மூன்று வாரம் கொட்டகையில் கட்டித் தீவனம் போடுங்கள். மழை பெய்து வண்டு கிளம்பும் நேரத்தில் மந்தை முழுக்க ஊசி போடுவதை மட்டுமாவது தயவுசெய்து நிறுத்துங்கள்.

அந்தக் காட்டுக்காரர் ஆறு மாடுகளில் இரண்டுக்கு மட்டும் போடச் சம்மதித்திருக்கிறார். அடுத்த மழைக்குப் போய் மறுபடி புரட்டிப் பார்க்கப் போகிறேன்.