அயல்மொழிப் பதற்றம்

‘பிள்ளைக்குக் கூச்சம், அதான் இங்கிலீஷ் பேச வரமாட்டேங்குது’ என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்கிறோம். வேற்றுமொழியைப் பேசும்போது வரும் இந்தத் தடுமாற்றத்தை ஆங்கிலத்தில் ‘ஃபாரின் லாங்வேஜ் ஆங்சைட்டி’ என்கிறார்கள். அதற்குக் கூச்சம் என்ற சொல் பொருந்தாது. கூசுதல் என்றால் ஒடுங்குதல்: வெயிலில் கண் கூசும், புளித்தால் பல் கூசும். கூச்சம் ஆளோடு ஒட்டிய இயல்பு, தாய்மொழியிலும் கூடவே வரும். தமிழில் வாய் ஓயாத பெண் பிரெஞ்சு வகுப்பில் மட்டும் கை சில்லிட்டு நிற்கிறாளே, அது வேறு.

‘ஆங்சைட்டி’யின் வேர், நெரித்தல் எனப் பொருள்படும் ‘ஆங்கெரே’ என்ற லத்தீன் சொல். கவலை, அச்சம் என்ற சொற்களும் இதற்குப் போதா. கவலை நீண்டு ஓடும் நினைப்பு; அச்சத்துக்கு எதிரே ஒரு பொருள் வேண்டும். மனமும் உடம்பும் சேர்ந்து தடுமாறுவதைச் சொல்லப் பதற்றமே சரி. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதில் இருப்பதும் அதுதான். ‘வெளிநாட்டு மொழி’யும் வேண்டாம். பெங்களூரில் கன்னடம் பேசத் தடுமாறுகிறவருக்கும் இதே பதற்றம்தான், ஆகவே அயல்மொழி.

1986இல் மொழிக்கல்வி ஆய்வாளர் ஹார்விட்ஸும் குழுவினரும் இதைத் தனிப் பதற்றமாக வரையறுத்து, 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். கூற்றை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 33க்கும் 165க்கும் இடையில் வரும். சில கூற்றுகள் ‘எனக்குப் பதற்றமில்லை’ என்ற போக்கில் இருக்கும். அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாமல் கூட்டினால் கணக்கே தப்பாகிவிடும்.

ஆளுமைக்கும் இதற்கும் உள்ள உறவைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அமைதியானவர் பதறுவார், கலகலப்பானவர் பதறமாட்டார் என்பது பாதி உண்மைகூட இல்லை. சின்னதுக்கும் மனம் கலங்கும் இயல்போடுதான் இதன் தொடர்பு வலுவாகத் தெரிகிறது; உள்முக இயல்போடு மெலிவாகவே. பிழையே வரக்கூடாது என்ற பிடிவாதமும் சேர்ந்தால் பாடு அதிகம். ‘ஹீ கோ’ என்று வாயெடுத்தவர் உள்ளுக்குள் ‘கோஸ்’ என்று திருத்துகிறார். அது சரிதானா என்று மறுபடி பார்க்கிறார். அதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விடுகிறது. சொல்லைத் தேட வேண்டிய கவனம் தன்னையே காவல் காப்பதில் செலவாகிறது. நன்றாகத் தெரிந்த சொல்லும் நழுவுவது அதனால்தான். இவரை வகுப்பு நடுவில் எழுப்பித் திருத்தினால் காவல் இன்னும் இறுகும். முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டு, பிழைகளைக் குறித்துவைத்துப் பேச்சு முடிந்தபின் சொல்வது நல்லது.

மேடை நடுக்கத்துக்கு ‘அவையச்சம்’ இருக்கிறது. குறளின் 73ஆம் அதிகாரமே அவையஞ்சாமை. அதை இங்கே இழுக்க வேண்டாம். அயல்மொழிப் பதற்றம் வர அவை தேவையில்லை, எதிரே ஒருவர் போதும். எழுதும்போது ‘அவர் பதற்றக்காரர்’ என்று எழுதாமல், ‘அவருக்கு ஆங்கிலம் பேசுவதில் பதற்றம் இருக்கிறது’ என்றே எழுதுங்கள்.