கண்ணாடியைக் கீறினால் அது வைரம் ஆகிவிடாது

தயவுசெய்து கண்ணாடியில் கீறிப் பார்த்து வைரம் வாங்காதீர்கள். கல் பரிசோதிப்பது என் தொழில். இதை எத்தனையோ பேரிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் போன வாரம் வெள்ளவத்தையிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. மகளின் கல்யாணத்துக்கு எடுத்த தோடும் மோதிரமும். கனடாவில் இருக்கும் சித்தி அனுப்பிய காசு. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, கடை எதுவும் இல்லாத ஒருவரிடம் வாங்கியிருக்கிறார்கள். அவர் மோதிரத்தை மேசைக் கண்ணாடியில் இழுத்துக் காட்டினாராம், கோடு விழுந்ததாம். "பாத்தீங்களா அக்கா, அசல்!" என்றாராம். காசு கைமாறிவிட்டது. பில்லும் இல்லை.

இரண்டிலும் இருந்தது கியூபிக் சிர்கோனியா, வைரம் மாதிரித் தெரியும் செயற்கைக் கல். "கண்ணாடி கீறுப்பட்டதே பிள்ளை, கண்ணால கண்டனே" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்டது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10. அதைவிடக் கடினமான கனிமம் அந்த வரிசையில் கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியின் கடினம் எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சுமார் 5.5 தான். அதைத் தாண்டிய எந்தக் கல்லும் கண்ணாடியைக் கீறும். சாதாரண குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, கியூபிக் சிர்கோனியா 8க்கும் 8.5க்கும் இடையில், நிறமில்லாத சஃபையர் 9, வைரம் மாதிரியே மின்னும் இன்னொரு செயற்கைக் கல்லான மொய்சனைட் 9.25. அத்தனையும் கீறும். கடற்கரை மணலில் கிடக்கும் குவார்ட்ஸ் துகள்கூடக் கீறும். வைரத்துக்குப் பதிலாக விற்கப்படும் கற்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பரீட்சையில் பாஸாகிவிடும், வெறும் கண்ணாடிக்கல்லைத் தவிர. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் கேட்கும் முன்பே அவராகக் கீறிக் காட்டுகிறார்.

இதைவிடக் கொடுமை சுத்தியல். "வைரத்தை அடிச்சா உடையாது" என்று நம்பி, அம்மம்மாவின் தோட்டிலிருந்த அசல் கல்லை அடித்து உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத்தளங்கள் உண்டு. அந்தத் திசையில் அடி விழுந்தால் சுத்தமாகப் பிளந்துவிடும். அந்தக் காலத்துப் பட்டை தீட்டுபவர்கள் கல்லைப் பிளந்ததே இப்படித்தான்.

ஊதிப் பார்ப்பது, பத்திரிகை எழுத்தின் மேல் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நகையில் கட்டிய கல்லுக்கு அவை ஒன்றும் சொல்லாது. வானவில் நிறங்கள் அதிகமாகத் தெரிந்தால் அசல் என்பதும் தப்பு. நிறம் பிரிக்கும் விஷயத்தில் கியூபிக் சிர்கோனியாவும் வைரத்தைவிடக் கூடுதல், மொய்சனைட் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்புறம், கடைகளில் 'பீப்' என்று சத்தம் போடும் அந்தப் பேனா. பலரிடம் இருப்பது கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டும் பார்க்கும் கருவி. சிர்கோனியாவைப் பிடித்துவிடும். மொய்சனைட்டும் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் அதற்கும் வைரம் என்றே சொல்லும். மொய்சனைட்டைப் பிரிக்க மின்கடத்தலையும் பார்க்கும் கருவி வேண்டும், லென்ஸும் அனுபவமும் வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் மொய்சனைட்டின் அடிப்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

அதே இரட்டைக் கோடு சிர்கோனிலும் தெரியும். அது கியூபிக் சிர்கோனியா இல்லை, இயற்கையில் கிடைக்கும் வேறு கல். இலங்கையில் வைரச் சுரங்கம் கிடையாது, ஆனால் நிறமற்ற சிர்கோன் உண்டு. 'மாத்தறை வைரம்' என்று பல காலமாகச் சொல்லப்பட்டது அதுதான். பரம்பரை நகையில் அது இருந்தால் உங்கள் பாட்டி ஏமாந்தார் என்று நினைத்து அழ வேண்டாம். நல்ல கல், வைர விலை மட்டும் வராது. பட்டை ஓரங்கள் சீக்கிரம் தேயும், கவனமாக வைத்திருங்கள்.

ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் வேறு கதை. அது கார்பன்தான், வைரமேதான். எனவே பேனா வைரம் என்றே காட்டும். இயற்கையா, வளர்த்ததா என்று வெறும் லென்ஸை வைத்து எந்தப் பரிசோதகரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். அதற்கு ஆய்வுகூடக் கருவி வேண்டும். வளர்த்த வைரத்தை அணிவதில் எந்தக் குறையும் இல்லை. இயற்கை வைரத்தின் விலைக்கு விற்றால்தான் மோசடி.

கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் நம் ஆட்கள் பவுண் விலையை விசாரிக்கிறார்கள், கூலியில் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறார்கள், சேதாரம் கேட்கிறார்கள். கல் என்ன என்று கேட்க மட்டும் கூச்சம். கேளுங்கள்! இயற்கையா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா, எத்தனை கரட், என்ன நிறம், என்ன தெளிவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'வெள்ளைக்கல்' என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். நேர்மையான கடைக்காரர் எழுதித் தரத் தயங்க மாட்டார், அப்படிப்பட்டவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் அறிக்கை தந்தால் அதன் எண்ணை அவர்களின் இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கல்லின் இடுப்பில், அதாவது மேல்பாகமும் கீழ்பாகமும் சேரும் விளிம்பில், லேசரால் பொறித்த எண் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். அதோடு நிறுத்தவும் வேண்டாம். போலி எண் பொறித்த கற்களும் பிடிபட்டிருக்கின்றன. எடையும் மில்லிமீற்றர் அளவும் அறிக்கையோடு பொருந்த வேண்டும். சின்னக் கற்கள் நிறைய உள்ள நகையில் நடுக்கல்லை மட்டும் சோதித்துக் காட்டினால் ஏற்காதீர்கள், சுற்றியுள்ளவற்றில்தான் கலப்படம் நடக்கும். பின்பக்கம் மூடிக் கட்டிய நகைகளில் கூடுதல் கவனம்.

பெரிய தொகை என்றால், முழுக் காசையும் கொடுக்கும் முன் சுயாதீனமான ஒருவரிடம் காட்டுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குக் கொழும்பில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. விற்பவர் "அங்கே கொண்டுபோகத் தேவையில்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு நெருங்கிய உறவானாலும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கல்லைக் கழற்ற வேண்டாம், வேறு கடையில் கொடுத்து மாற்றவும் வேண்டாம். நகையைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்து, எழுத்தில் பரிசோதனை அறிக்கை எடுங்கள். கடையில் வாங்கியது என்றால் அதைக் கொண்டு முதலில் கடைக்குப் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 எண்ணுக்கு அழையுங்கள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, பிறகு பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.