மலிவு விலை பிஸ்டல்: விற்கப் போகும்போது தெரியவரும் கணக்கு

"அண்ணே, மொத்தமே நூறு ரவுண்டுதான் சுட்டிருப்பேன். பெட்டிகூட அப்படியே இருக்கு" என்றபடி ஒரு டாரஸ் ஜி3சி பிஸ்டலை கவுண்டரில் வைத்தார் அந்தத் தமிழ்த் தம்பி. போன வருடம் 270 டாலர் கொடுத்து வாங்கியது. தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்து, தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துவிட்டுக் குழலுக்குள் டார்ச் அடித்தேன். அவர் சொன்னது உண்மைதான், புதுசு போலவே இருந்தது. நான் சொன்ன விலை 130 டாலர். அவர் முகம் வாடிவிட்டது.

டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய துப்பாக்கிகளை மதிப்பிட்டு வாங்குவது என் வேலை. இந்த முகவாட்டத்தை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வாங்கும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் பலருக்கு இந்த ஏமாற்றமே வந்திருக்காது.

அதே மாடல் புதிதாக என் பின்னால் அலமாரியில் 260 டாலருக்கு நின்றது. அப்படி இருக்க, பழசுக்கு 200 டாலருக்கு மேல் யார் கொடுப்பார்கள்? அந்த இருநூறில்தான் கடை வாடகை, சம்பளம், விற்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் நஷ்டம் எல்லாம் அடங்க வேண்டும். பழசின் விலைக்குக் கூரை புதுசின் விலைதான். தயாரிப்பாளர் தள்ளுபடி அறிவிக்கும்போதெல்லாம் அந்தக் கூரை இன்னும் கீழே இறங்கும்.

ஆனால் மலிவுத் துப்பாக்கி வாங்கினால் பணம் போச்சு என்று சொல்வதும் பாதி உண்மைதான். 540 டாலருக்கு வாங்கிய கிளாக் 19-ஐக் கொண்டுவந்தால், நல்ல நிலையில் இருந்தால் 330 கொடுப்பேன். சதவீதத்தில் அவர் கெட்டிக்காரர். ஆனால் கையை விட்டுப் போனது 210 டாலர். டாரஸ் தம்பிக்குப் போனது 140. அதனால் மலிவு ரகம்தான் வேண்டும் என்றால் பழசாகவே வாங்குங்கள் என்பேன். முதல் அடியை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பார்.

மலிவு ரகங்களுக்குள்ளும் எல்லாம் ஒரே மாதிரி விலை போவதில்லை. ரேவன், ஜென்னிங்ஸ், லார்சின் என்று துத்தநாகக் கலவையில் வார்த்த சின்ன பிஸ்டல்கள் ஒரு காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து ஏராளமாக வந்தன. அந்த நிறுவனங்கள் இன்று இல்லை. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் ஒன்று உடைந்தால் பாகம் தேடி அலைய வேண்டும். அவற்றை நான் வாங்குவதே இல்லை. ஹை-பாயிண்ட் நிறுவனத்தின் பிஸ்டலும் பார்க்க முரடாகத்தான் இருக்கும், ஸ்லைடும் அதே வகைக் கலவைதான். ஆனால் எத்தனையாவது கை என்று கேட்காமல் நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. அதனால் விலை சிறிதென்றாலும் வாங்க ஆள் இருக்கிறார்கள்.

பெயரில் ஒருமுறை விழுந்த கறையும் சுலபத்தில் போகாது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கும் என்று தொடரப்பட்ட வழக்கை, 2015-ல் டாரஸ் குறையை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்குக் கொண்டுவந்தது. பிடி-111 மில்லேனியம் உட்பட ஒன்பது மாடல்கள் அதில் அடக்கம். ஜி3சி உள்ளிட்ட இப்போது வரும் ஜி வரிசை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெயரைக் கேட்டதும் தயங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தத் தயக்கத்தின் விலையைக் கட்டுபவர் இன்றைய சொந்தக்காரர்.

நல்ல பெயர் இருந்தும் விலை சரிவதுண்டு. 1990-ல் வந்த பாயிண்ட் 40 (0.40 அங்குல) அளவுத் தோட்டாவை அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசையாக ஏற்றுக்கொண்டன. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் எஃப்பிஐ 9 மி.மீ. தோட்டாவுக்குத் திரும்பியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். போலீஸ் கழித்துக்கட்டிய, பாயிண்ட் 40 தோட்டா சுடும் கிளாக் 22-கள் சந்தையில் குவிந்தன. உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்காது. குறைந்த செலவில் நம்பகமான பிஸ்டல் தேடுபவருக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சாலிடரிங் அயர்னால் பிடியைச் சுட்டுச் சொரசொரப்பாக்காதீர்கள், டிரிகர் பாகங்களை வீட்டில் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். செலவழித்த காசு திரும்பாது என்பதோடு, தேய்த்த டிரிகரை நம்பி அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. பெட்டி, கூடுதல் மேகசின், ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அவற்றுக்குக் காசு உண்டு.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 130 என்று கேட்டதும் தம்பி போனை எடுத்துக் காட்டினார். ஆன்லைனில் பழக்கமான ஒருவர் 220 தருகிறாராம், ஒக்லஹோமாக்காரர். பாதி வழியில் ஒரு பார்க்கிங் லாட்டில் சந்திக்கலாமாம். தொண்ணூறு டாலருக்காகச் செய்யும் இந்தக் காரியம் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேறு மாநிலத்தவருக்குத் தனியார் ஒருவர் நேரில் கைமாற்றக் கூடாது. வாங்குபவரின் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே அவர் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசுப் படிவமான 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும்.

எச்-1பி விசாவில் இருக்கும் நண்பருக்கு விற்பதும் குற்றம்தான். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். தெரிந்தே விற்றவருக்கும் தண்டனை உண்டு.

டெக்சாஸ்காரருக்கு டெக்சாஸ்காரர் நேரடியாக விற்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் நான் டீலர் வழியாகவே செய்யச் சொல்வேன். நாளை அந்தத் துப்பாக்கி ஒரு குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தால், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப், வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்கும், அவர் கடையைக் காட்டுவார், கடையின் பதிவேட்டில் கடைசியாக இருப்பது உங்கள் பெயர். அதற்குப் பிறகு யார் கைக்குப் போனது என்று சொல்ல உங்களிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒக்லஹோமாக்காரரிடம் அவர் ஊர் டீலரின் விவரத்தை அனுப்பும்படி செய்தி போட்டார். பதிலே வரவில்லை.