காற்று இல்லாத நாளில் எழும் கடல்: அலை முன்னறிவிப்பில் நாம் கவனிக்கத் தவறும் எண்

குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் கடல் முன்னறிவிப்பை விளக்கிச் சொல்லும் பணியில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது காற்றைப் பற்றித்தான். கச்சான் எனும் மேல்காற்று வலுக்குமா, வாடை எப்போது திரும்பும் என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்பவர்கள், அலை என்று வரும்போது அதன் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உயரத்துக்கு அடுத்து விநாடிக் கணக்கில் இன்னோர் எண்ணும் முன்னறிவிப்பில் இருக்கும். ஓர் அலைமுகடு கடந்த பிறகு அடுத்த முகடு வந்து சேர ஆகும் நேரம் அது, அலைக்காலம் என்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் உயரத்தைவிட அந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகளின் காலம் பெரும்பாலும் 4 முதல் 8 விநாடிக்குள் அடங்கிவிடும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, 40 பாகைத் தென் அட்சரேகைக்கும் அப்பால் வீசும் பெரும்புயல்கள், பரந்த நீர்ப்பரப்பை நாள்கணக்கில் ஒரே திசையில் தள்ளும்போது பிறக்கும் அலைகளின் காலம் 15 முதல் 20 விநாடி வரை நீள்கிறது. ஆழ்கடலில் அலைக்காலம் கூடக்கூட அலை பயணிக்கும் வேகமும் கூடும். 8 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் நகர்ந்தால், 18 விநாடி அலைக்கூட்டம் சுமார் 50 கிலோமீட்டர் நகரும். அந்த வேகத்தில் 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை நான்கைந்து நாள்களில் கடந்து அது நம் கரைக்கு வந்து சேரும் வேளையில், இங்கே வானம் தெளிந்தும் காற்று அடங்கியும் இருக்கக்கூடும். கேரளக் கரையும் குமரிக் கரையும் இதைக் கள்ளக்கடல் என்று அழைக்கின்றன.

இத்தகைய நாள்களின் அறிவிப்பில் அலை உயரம் 1.5 மீட்டர் என்றுகூட இருக்கலாம். பருவக்காற்றுக் காலத்தில் 3 மீட்டர் அலையைப் பார்த்துப் பழகியவருக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் அலை கடலடித்தரையை உணரத் தொடங்கும் ஆழம் அதன் நீளத்தில் பாதி. 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். ஆகவே 50 மீட்டர் ஆழத்தில்தான் அது தரையை உணரும். 18 விநாடி அலையின் நீளமோ 500 மீட்டர். கரையிலிருந்து வெகு தொலைவிலேயே, 250 மீட்டர் ஆழத்திலேயே, தரையின் தாக்கத்துக்கு உட்படுகிறது. ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் ஏறுகிறது. கரைக்கு நேராக வரும் 1.5 மீட்டர் அலையைத் தோராயமாகக் கணக்கிட்டால், 6 விநாடி அலை உடையும் இடத்தில் 1.7 மீட்டர் அளவிலேயே நிற்கும். 18 விநாடி அலை இரண்டரை மீட்டரைத் தாண்டும். அதன்பின் கரையேறும் நீரும் அதிகம், திரும்பிச் செல்லும் நீரின் இழுப்பும் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதமும் (கடல்மட்ட ஏற்றமும்) சேர்ந்துகொண்டால் தண்ணீர் தெருவரைக்கும் வரும்; குமரிக் கரையின் அழிக்கால் பகுதி மக்களுக்கு இது புதிய செய்தியல்ல.

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அமாவாசையை ஒட்டிய நாள் அது. கள்ளக்கடல் எச்சரிக்கையும் அதற்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. நம் ஊடகங்கள் எல்லாவற்றுக்கும் ‘ராட்சத அலை’ என்றே தலைப்பிடுவதும் ஒரு சிக்கல் என்று நினைக்கிறேன். தலைப்பைப் படித்துவிட்டுக் கரைக்கு வருபவரின் கண்ணுக்கு ராட்சதமாக எதுவும் படுவதில்லை. அலைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. இரு கூட்டங்களுக்கு நடுவே சில நிமிடங்கள் கடல் அடங்கியே கிடக்கும். நீரில் இறங்குபவர்கள் அந்த இடைவெளியில்தான் இறங்குகிறார்கள்.

துறைமுக முகத்துவாரத்திலும் இதே ஆபத்து உண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் முகத்துவாரத்தைக் கடக்கும்போது படகுகள் கவிழ்ந்து உயிர்கள் பறிபோன துயரத்தை இப்பகுதி அறியும். அலைக்காலம் 14 விநாடிக்கு மேல் என்று அறிவிப்பு இருக்கும் நாளில், முகத்துவாரத்தை ஓரிரு அலைகளைப் பார்த்து எடைபோடக் கூடாது. குறைந்தது இருபது நிமிடமாவது நின்று, பெரிய அலைக்கூட்டம் எத்தனை அலைகளுடன் வருகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்த்த பிறகே படகை எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முன்னறிவிப்பில் தரப்படும் உயரம், வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எனவே 2 மீட்டர் என்று அறிவித்த கடலில், சில மணி நேரத்துக்குள் 4 மீட்டரை நெருங்கும் ஒற்றை அலை எழுந்தால் அதை முன்னறிவிப்பின் பிழை என்று சொல்ல முடியாது.

வெப்பமண்டலக் கடலில் முன்கூட்டியே சொல்லக் கடினமான ஆபத்துகள் வேறு, திடீரென வலுக்கும் புயலைப் போல. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த படகுகள் கரை திரும்ப அந்த அவகாசம் போதவில்லை. கள்ளக்கடலோ அவ்வாறானதல்ல. அலை ஏற்கெனவே தெற்கே பிறந்துவிட்டது, அதன் வேகம் கணக்கிடக்கூடியது; ஆதலால் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தால் (இன்காய்ஸ்) அது எந்த நாளில் கரையைத் தொடும் என்பதை இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே சொல்ல முடிகிறது. கடலோர ஆபத்துகளில் இவ்வளவு அவகாசம் தருபவை அரிது. அந்த அவகாசத்தை வானம் தெளிவாக இருக்கிறதே என்று வீணாக்குவதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

எல்லாக் கரைக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. பாக் நீரிணைப் பகுதியைத் தெற்கிலிருந்து வரும் நெடிய அலைகளிடமிருந்து இலங்கையும் இராமேசுவரத்தை அடுத்த மணல்திட்டுகளும் பெருமளவு மறைத்துவிடுகின்றன. அங்கே ஆழம் குறைந்த நீரில் காற்று எழுப்பும் குட்டையான, செங்குத்தான அலைகளே படகைக் கவிழ்க்கும். அந்தக் கரையினர் காற்று முன்னறிவிப்பையே முதன்மையாகக் கொள்வது சரிதான். தெற்கு நோக்கித் திறந்து கிடக்கும் குமரிக் கரையில் குளச்சல், முட்டம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் காற்றை மட்டும் நம்பியிருக்க இயலாது.

எச்சரிக்கை வந்த நாள்களில் நாட்டுப்படகுகளையும் வலைகளையும் வழக்கமான மேட்டிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். துறைமுகத்துக்குள் கட்டப்பட்ட விசைப்படகுகளுக்கு இடையே போதிய இடைவெளி வேண்டும். நெடிய அலையில் நீர்மட்டம் மெதுவாக ஏறி இறங்கும்போது நெருக்கிக் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. கயிற்றை இறுக்கமாகக் கட்டாமல், நீர் ஏறும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும்.