கறுப்பை வீசும் விளக்கு கிடையாது

பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, தொங்கும் திரையை நன்றாகப் பாருங்கள். பால் வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் படம் போட்டால், அதில் வரும் நள்ளிரவுக்கும் கதாநாயகியின் கூந்தலுக்கும் கிடைக்கப்போகிற கறுப்பு அந்த வெள்ளைதான். புரொஜெக்டருக்கு ஒளியைக் கூட்டத்தான் தெரியும். திரையில் ஏற்கெனவே விழுந்துகிடக்கும் வெளிச்சத்தைக் கழிக்கத் தெரியாது.

பெரிய படம் வேண்டும் என்று ஒரு காலத்தில் புரொஜெக்டர் மாட்டியவர்கள் பலர் இப்போது 85, 98 அங்குல டிவிக்கு மாறுகிறார்கள். கடையில் கேட்டால், "டிவி நல்லா பிரைட்டா இருக்கும் சார்" என்பார்கள். பிரகாசம் கூடுவது உண்மைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அசரவைப்பது கறுப்பு. அது எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால், உங்கள் ஹாலுக்கு எது சரி என்பதையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு எளிது. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரையின் அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். நிறங்கள் சரியாக வரும்படி அமைத்த ஒரு வீட்டு புரொஜெக்டர் 1,000 லூமென் ஒளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம் (கருவி வெளியிடும் மொத்த ஒளியை அளக்கும் அலகு லூமென்). அட்டைப்பெட்டியில் 2,500, 3,000 என்று போட்டிருப்பார்கள்; அது பெரும்பாலும் பச்சை தூக்கலாகத் தெரியும் அதிவெளிச்ச அமைப்பில் எடுத்த எண். 1,000 லூமெனை 2.76 சதுர மீட்டரில் பரப்பினால், திரையில் விழுவது சதுர மீட்டருக்கு 363 லூமென், அதாவது 363 லக்ஸ். பளபளப்பில்லாத வெள்ளைத் திரை அதை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்கும். அப்படிப்பட்ட பரப்பில் லக்ஸை 3.14ஆல் வகுத்தால், அது நம் கண்ணுக்கு எவ்வளவு ஒளிர்கிறது என்பது நிட் என்ற அலகில் கிடைக்கும். விடை 115 நிட்.

115 நிட் குறைவே இல்லை. டிஜிட்டல் சினிமா அரங்குகளுக்கு விதிக்கப்பட்ட வெண்மையே 48 நிட்தான். அதை வைத்துக்கொண்டுதான் நாம் அரங்கில் மூன்று மணி நேரம் மெய்மறந்து உட்கார்ந்திருக்கிறோம். ஆக, புரொஜெக்டரின் சிக்கல் வெளிச்சப் பஞ்சம் அல்ல.

இப்போது ஹாலில் ஒரு விளக்கைப் போடுங்கள். அதிலிருந்து திரைமேல் விழுவது வெறும் 50 லக்ஸ்தான் என்று வைப்போம். ஒரு வீட்டு ஹாலுக்கு அது மங்கலான வெளிச்சம். 50ஐ 3.14ஆல் வகுத்தால் 16 நிட். படத்தின் எல்லாப் புள்ளிகளோடும் இந்த 16 சேர்ந்துகொள்ளும். வெள்ளை 131 ஆகும். கறுப்பு 16 ஆகும். படத்தின் மிக வெளிச்சமான இடம் மிக இருண்ட இடத்தைப் போல எட்டு மடங்குதான். இருட்டறையில் ஆயிரம் மடங்கு காட்டிய அதே கருவி, ஒரே ஒரு விளக்கைப் போட்டதும் எட்டுக்கு விழுந்துவிடுகிறது.

அதே அறை, அதே விளக்கு, எதிரே டிவி. டிவியின் முகம் கறுப்பு. தன்மேல் விழும் ஒளியில் சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் அது சிதறடித்துத் திருப்பி அனுப்பும் என்று கொண்டால், அறை விளக்கு கூட்டிவிடுவது 0.3 நிட். டிவியின் வெள்ளை 500 நிட் என்றால் விகிதம் 1,500ஐத் தாண்டுகிறது. எட்டுக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் உள்ள இந்தத் தூரத்தில் பெரும்பங்கு, பரப்பு வெள்ளையா கறுப்பா என்பதிலிருந்தே வருகிறது. புரொஜெக்டர் திரை வெள்ளையாக இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. டிவிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. (கூரை வெளிச்சத்தை விலக்கும் சாம்பல் நிறத் திரைகள் இருக்கின்றன. நன்றாகவே உதவுகின்றன. ஆனால் புரொஜெக்டர் இருக்கும் திசையிலிருந்தே வரும் அறை ஒளியை அவற்றால் பிரித்தறிய முடியாது.)

அப்படியானால் விளக்கு எரியும் அறையிலும் புரொஜெக்டர் படத்தில் கறுப்பு எப்படியோ தெரியத்தானே செய்கிறது? அது மூளையின் உபயம். பழைய பெட்டி டிவியை நினைத்துப் பாருங்கள். அணைத்துவைத்தால் அதன் கண்ணாடி சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். படம் ஓடும்போது செய்தி வாசிப்பவரின் தலைமுடி மட்டும் கறுப்பாகவே தெரிந்தது. அந்த இடத்தில் கண்ணாடி எந்த விதத்திலும் கறுத்துவிடவில்லை. சுற்றிலும் வெளிச்சமான பகுதிகள் வந்ததும், மூளை அவற்றை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு மற்றதை அதற்கு எதிராக எடைபோட்டது. கிரிக்கெட், பாட்டு நிகழ்ச்சி போன்ற வெளிச்சக் காட்சிகளை அரைகுறை இருட்டில்கூட புரொஜெக்டரில் ரசிக்க முடிவது இதனால்தான். காட்சி முழுவதும் இருட்டாகிவிட்டால் ஒப்பிட வெள்ளை கிடைக்காது. அப்போது சாயம் வெளுத்துவிடும்.

சரி, அறையை முழுக்க இருட்டாக்கிவிட்டால்? அங்கேயும் புரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பல்ல. டிஎல்பி வகையை எடுத்துக்கொள்வோம். 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய சிப் இதன் இதயம். விரல்நுனி அளவுப் பரப்பில் லட்சக்கணக்கான அலுமினிய ஆடிகள். இன்று வீட்டு 4கே புரொஜெக்டர்கள் பலவற்றில் இருக்கும் சிப்பில் 1920க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடிகள். ஒவ்வொன்றின் அகலமும் 5.4 மைக்ரான், ஒரு தலைமுடியின் குறுக்கே பத்துக்கு மேல் அடுக்கலாம். ஒவ்வொரு ஆடியும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இரண்டு பக்கமும் சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸ் வழியே திரைக்குப் போகும்; மறுபக்கம் சாய்ந்தால் ஒளியை உறிஞ்சும் ஒரு கறுப்புத் தகட்டில் போய் விழும். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் என்பதுதான் அந்தப் புள்ளியின் பிரகாசம். ஆடி இருபது லட்சம்தானே, 4கேவுக்கு 83 லட்சம் புள்ளி எப்படி என்றால், ஒவ்வொரு ஆடியின் படத்தையும் நான்கு இடங்களுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்த்தி நகர்த்திக் காட்டுகிறார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது: கறுப்பைக் காட்டும்போதும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆடிகளின் ஓரங்களிலும் இடுக்குகளிலும் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் லென்ஸுக்குள் கசியும். இந்தக் கசிவைப் பார்க்க நல்ல இடம் அகலத்திரைப் படங்கள். நம் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம் கொண்டவை. 98 அங்குலப் பரப்பில் அப்படிப்பட்ட படம் ஓடினால் மேலும் கீழும் தலா 15 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான பட்டை மிஞ்சும். புரொஜெக்டரில் அந்தப் பட்டைகள் மங்கிய சாம்பலாக மினுங்கும். இருட்டில் கண் பழகப் பழக அது இன்னும் துலக்கமாகும்.

டிவியிலும் எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. எல்சிடி டிவியில் பின்னால் எல்இடி விளக்குகள், முன்னால் திரவப் படிகக் கதவுகள். கதவைச் சாத்தினாலும் கொஞ்சம் கசியும். பேனல் வகையைப் பொறுத்து ஆயிரத்தில் ஒரு பங்கோ, சில ஆயிரத்தில் ஒரு பங்கோ. அதனால் பின்விளக்கையே பகுதி பகுதியாக மங்கச்செய்கிறார்கள். மினி எல்இடி என்று விற்பது இதைத்தான். ஆயிரம் பகுதிகள் என்று விளம்பரம் சொன்னால் பெரிதாகத் தோன்றும். 83 லட்சம் புள்ளிகளை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: ஒரு பகுதியின் கீழ் 8,300 புள்ளிகள். இருட்டுக் காட்சியில் அடியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வரும்போது, எழுத்தைச் சுற்றி ஒரு புகைமூட்டம் தெரிவது இதனால்தான். எழுத்துக்கு வெளிச்சம் வேண்டும், பக்கத்துப் புள்ளிக்கு இருட்டு வேண்டும். இரண்டுக்கும் ஒரே விளக்கு.

ஓஎல்இடியில் இந்தத் தகராறே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் கரிமச் சேர்மம். கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடும். கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் திறமாக ஒளிரும் கரிம டையோடைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டதும் அதே 1987இல். இருட்டறையில் ஓஎல்இடியில் அகலத்திரைப் படம் போட்டால் மேலும் கீழும் உள்ள பட்டைகள் காணாமலே போய்விடும். என்னைக் கேட்டால், அறையை இருட்டாக்கிப் படம் பார்ப்பவர்கள் அளவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது ஓஎல்இடி வாங்கலாம். அது 97 அங்குலம் வரை வருகிறது, ஆனால் அந்த அளவில் விலை மலைக்கவைக்கும்.

எல்சிடி மட்டும் எப்படி 98 அங்குலத்தில் கட்டுப்படியான விலைக்கு வந்தது? இதன் விடை கண்ணாடித் தகட்டில் இருக்கிறது. பேனல்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டில் மொத்தமாகச் செய்து வெட்டுவார்கள். 8.5ஆம் தலைமுறை எனப்படும் ஆலைகளின் தகடு 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். 98 அங்குலப் பேனல் 2.17 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 2.44 மீட்டர். சட்டைத்துணியில் தையல்காரர் துண்டு விழாமல் வெட்டுவதைப் போல, தகட்டில் கிட்டத்தட்ட எதுவும் வீணாகாது. 100 என்ற முழு எண்ணை விட்டுவிட்டு 98இல் வந்து நின்றதற்கு இந்த அளவு ஒரு முக்கியக் காரணம். 100 அங்குலத்தின் 2.21 மீட்டர் அகலம் அந்தத் தகட்டுக்குள் அடங்காது.

அளவைப் பற்றி இன்னொன்று. 100 அங்குலத் திரையை இறக்கிவிட்டு 75 அங்குல டிவி மாட்டினால், படத்தின் பரப்பு 56 சதவீதமாகச் சுருங்கிவிடும். பெரிய படத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது முதல் வாரம் உறுத்தும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது கோணம்தான், அங்குலம் அல்ல. 98 அங்குலத்தை 3 மீட்டரில் இருந்து பார்த்தால் படம் 40 பாகை விரியும். 75 அங்குலத்தில் அதே 40 பாகை வேண்டுமென்றால் சோபாவை 2.3 மீட்டருக்கு இழுத்துப்போட்டால் போதும். 4கே படம் என்றால் அந்தத் தூரத்தில் புள்ளிகள் தெரியாது.

"புரொஜெக்டர் ஒளி பட்டுத் திரும்பி வருவது, அதனால் கண்ணுக்கு இதம், டிவி நேரடி ஒளி, அதனால் கெடுதல்" என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. திரையில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் பேனலிலிருந்து வரும் ஒளிக்கும் கண்ணுக்குள் போனபின் அப்படி எந்த வேறுபாடும் இல்லை. இதம் வருவது குறைந்த பிரகாசத்தால். இருட்டறையில் 100 நிட்டுக்குப் பழகிய கண்முன் 1,000 நிட் வெடித்தால் கூசத்தான் செய்யும். டிவியின் பிரகாசத்தை இரவுக்கென்று குறைத்துவைத்து, டிவிக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு மெல்லிய வெள்ளை விளக்கை எரியவிட்டால் உறுத்தல் அடங்கிவிடும்.

பிரகாசம் இன்னொரு வேலையும் செய்கிறது. மாறியவர்கள் பலர், "கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் படம் திக்கித் திக்கிப் போகிறது" என்பார்கள். சினிமா நொடிக்கு 24 படம். ஒவ்வொன்றும் சுமார் 42 மில்லிநொடி அசையாமல் நிற்கிறது. மங்கலான படத்தில் கண் இதைப் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சம் ஏற ஏற, விட்டுவிட்டு வருவதைப் பிரித்தறியும் திறன் கண்ணுக்குக் கூடுகிறது. மினுக்கத்தைப் பற்றிய ஃபெர்ரி–போர்ட்டர் விதி சொல்வது இதைத்தான். போதாததற்கு ஓஎல்இடி அடுத்த படத்துக்குப் பளிச்சென்று மாறிவிடுவதால் விளிம்புகள் மழுங்குவதும் இல்லை. அசைவைச் சீராக்கும் அமைப்பை டிவியில் மிகக் குறைந்த படியில் வையுங்கள். கூட்டிவிட்டால் சினிமா சீரியலைப் போல ஆகிவிடும்.

ஒலியில் ஒரு இழப்பு உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். நுண்துளைத் திரை வைத்திருந்தவர்கள் நடு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வசனம் நடிகரின் வாயிலிருந்தே வரும். டிவி ஒரு கண்ணாடிச் சுவர். ஸ்பீக்கர் கீழே இறங்கியாக வேண்டும். நல்லவேளையாக, மேல்கீழ் திசையைக் கண்டுபிடிப்பதில் நம் காது இடவலம் அளவுக்குத் துல்லியமில்லை. உதடு அசைவதைக் கண் பார்த்துவிட்டால் மூளை குரலை அங்கே ஒட்டிவிடும். நடு ஸ்பீக்கரை டிவியின் அடிவிளிம்புக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கி, முகத்தைக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்திவையுங்கள். புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் போய்விடுவதால், அமைதியான காட்சிகளில் இதுவரை கேட்காத மெல்லிய ஒலிகள் கேட்கும்.

யார் மாற வேண்டாம்? ஜன்னல்களை முழுக்க மூடி, சுவரும் கூரையும் கரும்பூச்சு அடித்த தனி அறையும், 120 அங்குலத்துக்கு மேல் திரையும் வைத்திருப்பவர்கள். அங்கே புரொஜெக்டர் தரும் விரிவை அந்த விலைக்கு எந்த டிவியும் தராது. ஹாலில் மாட்டி, மாலை ஆறு மணிக்கு மேல்தான் படம் என்று காத்திருப்பவர்கள் தாராளமாக மாறலாம்.

பணம் கட்டுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கும் மாடிப்படித் திருப்பத்துக்கும் போய்வாருங்கள். ஐந்தாறு கிலோ புரொஜெக்டரையும் சுருட்டிய திரையையும் ஒருவரே மேலே கொண்டுவந்திருப்பார். 98 அங்குல டிவி பெட்டியோடு இரண்டே கால் மீட்டருக்கு மேல் நீளம், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை; நம் அடுக்குமாடிகளின் லிஃப்ட் பலவற்றில் நுழையாது. படுக்கப்போட்டுத் தூக்கினால் பேனல் தன் எடையிலேயே வளைந்து விரிசல்விடலாம், அதனால் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். படித் திருப்பத்தில் நான்கு பேர் பெட்டியோடு நின்று திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 85 அங்குலம் வாங்கிக்கொண்டு, சோபாவை முன்னால் இழுத்துப்போடுங்கள்.