கான்ட்ராஸ்ட் போடாத ஸ்கேன் பாதி ஸ்கேன் இல்லை

போன வாரம் ஒரு அப்பா மகளின் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடு வந்தார். "கான்ட்ராஸ்ட் தரப்படவில்லை" என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார். சில இடங்கள் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக ஊசியில் செலுத்தும் மருந்துதான் கான்ட்ராஸ்ட். "பாதி ஸ்கேன்தான் எடுத்திருக்காங்க டாக்டர், மறுபடி முழுசா எடுத்துடுங்க" என்றார். குழந்தைக்கு நான்கு வயது. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து தொடர் பரிசோதனைக்கு வருகிறாள். மறுபடி எடுப்பதென்றால் மறுபடி பட்டினி, மறுபடி மயக்க மருந்து, மறுபடி ஊசி. பார்க்க வேண்டியது எல்லாம் எடுத்த படங்களிலேயே தெளிவாக இருந்தது. ஒரே மாதத்தில் இதே கோரிக்கையோடு வந்த மூன்றாவது குடும்பம் இது. பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

எம்ஆர்ஐ என்பது ஒரே படம் இல்லை. ஒரே தடவையில் பல வரிசைப் படங்கள் எடுக்கிறோம், ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும். கான்ட்ராஸ்ட் போட்ட பின் எடுப்பவை அவற்றில் சில மட்டுமே. அவை இல்லாததால் மற்றவை மங்கிவிடுவதில்லை. மருந்து போனால்தான் கட்டி 'தெரியும்' என்பது தவறு. டிஃப்யூஷன் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். செல்கள் நெருக்கி அடைந்து கிடக்கும் கட்டியில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்த இடம் படத்தில் பளிச்சென்று வரும். உடம்பில் இருக்கும் தண்ணீரே அங்கே நமக்குத் துப்புக் கொடுக்கிறது. லி-ஃப்ராமெனி போன்ற மரபுவழிப் புற்றுநோய் அபாயம் உள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் முழு உடல் எம்ஆர்ஐ, பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் இல்லாமல்தான் நடக்கிறது. கான்ட்ராஸ்ட் இல்லாத ஸ்கேனை 'சாதா ஸ்கேன்' என்று சொல்லிச் சொல்லி, ஸ்கேன் எடுக்கும் நாங்களே மதிப்பைக் குறைத்துவிட்டோம். அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, போட்டால்தான் என்ன என்று கேட்பீர்கள். அந்த மருந்தில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குத் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் நோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பது 2006இல் தெரியவந்தது. பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் சிறிதளவு தங்குகிறது என்பதற்கான அறிகுறி 2014இல் வெளியானது. அதிகம் தங்கும் நேர்கோட்டு வகை மருந்துகளில் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்திவைத்தது. இப்போது பரவலாகப் பயன்படும் வளைய வகை மிகக் குறைவாகவே தங்கும். தங்குவதால் மூளைக்குக் கெடுதல் என்று இதுவரை நிரூபணம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு குழந்தைக்குப் பல ஆண்டுகளில் எத்தனையோ ஸ்கேன் எடுக்க வேண்டி வரும். சிஸ்பிளாட்டின், ஐஃபாஸ்ஃபமைடு போன்ற புற்றுநோய் மருந்துகள் அதன் சிறுநீரகத்தை ஏற்கெனவே பாதித்திருக்கலாம். பலன் இல்லாத இடத்தில் ஏன் போட வேண்டும்?

இதைப் படித்துவிட்டு "எங்களுக்குக் கான்ட்ராஸ்ட்டே வேண்டாம்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அதுவும் ஆபத்துதான். மூளைக் கட்டியை முதன்முதலில் கண்டறியும்போது, மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் தண்டுவடத்தில் பரவியிருக்கிறதா என்று தேடும்போது, மூளை அறுவைக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் கட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும்போது கான்ட்ராஸ்ட் அவசியம். அங்கே மறுத்தால் குழந்தைக்குத்தான் நஷ்டம். அப்புறம், காடோலினியம் கதிரியக்கப் பொருள் இல்லை. எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இல்லை.

பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள். பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கொண்டு வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் கையில் வைத்திருங்கள். வெள்ளையணு எண்ணிக்கையைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் எந்தத் தேதியில் என்று கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசிக்குப் பின் எலும்பு மஜ்ஜை டிஃப்யூஷனில் பளிச்சிடும், பார்ப்பவர் நோய் பரவிவிட்டது என்று தவறாக நினைத்துவிடக் கூடும்.

ஸ்கேன் கேட்டு எழுதும் மருத்துவ நண்பர்களே, சீட்டில் 'தொடர் பரிசோதனை' என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பாதீர்கள். என்ன கட்டி, எந்த இடம், என்ன சந்தேகம் என்று எழுதுங்கள். கான்ட்ராஸ்ட் வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.

பெற்றோரே, அந்த முடிவில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தயவுசெய்து முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். குழந்தை மயக்கத்தில் படுத்திருக்கும்போது வாசலில் நின்று வாதிட வேண்டாம்.