அதே சோபாவில் உட்கார்ந்து ஒருவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்

"அப்பா ரிமோட்டைக் கையில எடுத்தார் மேடம். சேனலை மாத்தல, சத்தத்தையும் குறைக்கல. 'இதுலயும் இதைக் கொண்டுவந்துட்டாங்களா'ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் தண்ணி குடிக்க எழுந்து போயிட்டார்."

ஆலோசனை அறையில் என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்ன இளைஞர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அவருடைய அப்பா யாரையும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. ஒரே ஒரு வரிதான் சொன்னார். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை அடுத்த மாதம் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று பல மாதங்களாக என்னோடு பேசிப் பேசி எடுத்திருந்த முடிவை, அந்த இளைஞர் அன்று இரவே கைவிட்டார்.

(இந்தக் கட்டுரையில் வருபவர்களின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது 'டெட் லாஸோ'. ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 2020 ஆகஸ்டில் தொடங்கிய தொடர். கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாத டெட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், ரிச்மண்ட் என்ற கற்பனையான லண்டன் அணிக்குப் பயிற்சி தர வருகிறார். சிரிக்கவும் அழவும் வைக்கிற கதை என்பதால் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அதிகம். 2023 மார்ச் முதல் மே வரை வெளியான மூன்றாம் சீசனில், காலின் ஹியூஸ் என்ற வேல்ஸ் நாட்டு வீரர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரியவருகிறது. அணியில் யாருக்கும் தெரியாமல் அவர் அதை மறைத்து வாழ்கிறார். அதே சீசனில் கீலி என்ற பெண்ணுக்கும், அவருடைய நிறுவனத்தில் முதலீடு செய்த ஜாக் என்ற பெண்ணுக்கும் இடையே ஓர் உறவு வந்து போகிறது.

இந்தக் காட்சிகளைப் பற்றி என் அறையில் நான் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆலோசனைக்கு வந்தவர்கள், அவர்களின் பெற்றோர், கணவன், மனைவி, நண்பர்கள் எனப் பலரும் பேசினார்கள். நாம் திரையைப் பார்த்துச் சொல்லும் கருத்தைத் திரையில் இருப்பவர் கேட்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். காலினைப் பற்றி நீங்கள் சொல்வதைத் தன்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இருக்கிறாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது, மறைத்து வாழ்வது என்றால் அதுதானே.

மறைத்து வாழ்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. அறையில் இருக்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் அவர்கள் படித்துக்கொண்டே இருப்பார்கள். யார் சிரித்தார்கள், யார் நெளிந்தார்கள், யார் சட்டென்று போனை எடுத்தார்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். உளவியலில் இதைச் சிறுபான்மை மன அழுத்தம் என்ற கோட்பாட்டின் பகுதியாகப் பேசுவோம். ஆராய்ச்சியாளர் இலான் மேயர் 2003-இல் இதை விரிவாக எழுதினார். நேரடியாக நடக்கும் அவமதிப்பு ஒரு பக்கம் என்றால், அது எப்போது வருமோ என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதும், யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒளித்துவைப்பதும் தனித்தனிச் சுமைகள் என்பது அவர் கருத்து. அந்த இளைஞர் அன்று காலின் வந்த காட்சியைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். கதையில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

பெற்றோரிடம் நான் அதிகம் கேட்டது "ஏன் எல்லாத்துலயும் இதைத் திணிக்கிறாங்க?" என்பது. கோபப்படாமல் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் பலர் கெட்ட மனம் உள்ளவர்கள் இல்லை. இந்தத் தொடரில் டெட்டின் விவாகரத்து வருகிறது. ராய் என்ற வீரருக்கும் கீலிக்கும் காதல், அணியின் உரிமையாளர் ரெபேக்காவுக்கும் சாம் என்ற வீரருக்கும் இடையே ஓர் உறவு, முத்தங்கள், படுக்கையறைப் பேச்சு எல்லாமே மூன்று சீசன்களிலும் வருகின்றன. அவற்றை யாரும் திணிப்பு என்று சொல்லவில்லை. பழகிய ஒன்று கண்ணில் படாது, பழகாதது துருத்திக்கொண்டு தெரியும். மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. அந்த நெளிவு வருவதற்காக உங்களைக் குற்றவாளி ஆக்க மாட்டேன். அதை அப்படியே வாய்விட்டுச் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் அதோடு உட்கார்ந்திருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த நெளிவு குறையவும் செய்யும். திரையில் வரும் ஒருவரை நேரில் தெரிந்தவர் போலவே நாம் உணர்வதை 1956-லேயே ஆய்வாளர்கள் கவனித்து எழுதினார்கள். நேரில் பழகுவது தப்பெண்ணத்தைக் குறைப்பதுபோல, திரைவழிப் பழக்கமும் குறைக்கக்கூடும் என்று 2005-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. காலின் விஷயத்தில் இது அழகாக நடந்ததை நானே பார்த்தேன். முதல் சீசனில் அவர் நேட் என்ற உதவியாளரைக் கேலி செய்து சீண்டும் கூட்டத்தில் ஒருவர். லம்போர்கினி கார் வைத்திருப்பார், ஒழுங்காக ஓட்டத் தெரியாது. இரண்டாம் சீசனில், அணியின் உளவியலாளர் டாக்டர் ஷாரன் தந்த உறுதிமொழியைச் சொல்லிக்கொள்வார்: நான் வலிமையும் திறமையும் உள்ள மனிதன். இத்தனையும் தெரிந்த பிறகுதான் பார்வையாளருக்கு அவருடைய அந்தரங்கம் தெரிகிறது. "அவன் நம்ம காலின்ப்பா" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அந்த 'நம்ம' வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீலி–ஜாக் கதைக்கு அந்த 'நம்ம' கிடைக்கவில்லை. ஜாக் புதிதாக வந்தவர், பணமும் அதிகாரமும் அவர் கையில் இருந்தன. கீலியின் அந்தரங்க வீடியோ கசிந்தபோது ஆதரவாக நிற்காமல், மன்னிப்பு அறிக்கை விடச் சொல்கிறார். அந்த உறவு சிலருக்குப் பிடிக்காமல் போனதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "ராயைக் காதலிச்சவளைத் திடீர்னு இப்படி மாத்திட்டாங்களே" என்று வருத்தப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண், பெண் இருபாலரிடமும் ஈர்ப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரைக் காதலிக்கும்போது முந்தைய காதல் பொய்யாகிவிடாது.

இன்னொரு எதிர்வினை தன்பாலீர்ப்பாளர்களிடமிருந்தே வந்தது. "இவ்வளவு சுலபமா மேடம்? காலின் உடைமாற்றும் அறையில சொல்றான், எல்லாரும் கட்டிப்பிடிக்கிறாங்க. எனக்குக் கோபம்தான் வந்தது" என்றார் ஒருவர். அவருடைய கோபத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. கதை நடக்கும் இங்கிலாந்தின் ஆண்கள் கால்பந்தில் 1990-இல் ஜஸ்டின் ஃபஷானு என்ற வீரர் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1981-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தமான முதல் கறுப்பின வீரர் அவர். சொன்ன பிறகு அரங்கங்களிலும் பத்திரிகைகளிலும் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. 1998-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்படையாகச் சொன்ன அடுத்த தொழில்முறை வீரர் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அது 2022 மே மாதம், அவருக்கு வயது 17. இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்! பெண்கள் கால்பந்தில் இதே காலத்தில் எத்தனையோ பேர் இயல்பாகச் சொல்லிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தடை விளையாட்டில் இல்லை, ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருக்கிறது என்று புரியும். செல்சி என்ற லண்டன் அணியினரை நோக்கிப் பாடப்பட்டுவந்த, தன்பாலீர்ப்பை இழிவுபடுத்தும் ஒரு பழைய வசைக் கோஷத்தை வெறுப்புக் குற்றமாகக் கருதலாம் என்று அங்கே அரசுத் தரப்பு வழக்குத் துறை தெளிவாக்கியதே 2022 ஜனவரியில்தான்.

ஆகவே அந்தக் கதை நிஜத்தைவிட மென்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறுதல் தருவதற்காக எடுக்கப்பட்ட காட்சி உங்களுக்கு ஆறுதல் தரவில்லை என்றால், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நானும் அவரும் அந்தக் கோபத்தைப் பற்றி இரண்டு அமர்வுகள் பேசினோம். கோபத்துக்குக் கீழே, தனக்கு அப்படி ஓர் அறை கிடைக்கவில்லையே என்ற துக்கம் இருந்தது.

என் தொழிலில் இருப்பவளாக எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஐசக்கின் கதை. காலினின் நெருங்கிய நண்பன், அணித் தலைவன். காலினின் போனில் இருந்த படங்களைப் பார்த்துவிடுகிறான். அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஐசக்குக்கு அருவருப்பு என்றுதான் பார்வையாளர்களும் நினைக்கிறார்கள், காலினும் நினைக்கிறான். ஆட்டத்தின்போது ஒரு ரசிகன் வசைச்சொல்லைக் கத்தும்போது ஐசக் கொதித்துப் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து, சிவப்பு அட்டை வாங்குகிறான். பிறகுதான் தெரிகிறது, அவனுடைய கோபம் வேறு: இத்தனை நாள் என்னை நம்பிச் சொல்லவில்லையே, நான் என்ன தவறு செய்தேன்?

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்ற இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த அக்காக்கள், நண்பர்கள், பெற்றோர் ஏராளம். அந்த வலி உண்மையானது, அதைச் சின்னதாக்க மாட்டேன். ஆனால் சொன்னவரிடம் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள். அது அவர் காதில், பயந்து வாழ்ந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து மன்னிப்பு கேள் என்பதுபோல விழும். "சொன்னதுக்கு நன்றி, உன்னோட இருக்கேன்" என்பது போதும். உங்கள் வருத்தத்தைப் பேச வேறு நாள் வரும், தேவைப்பட்டால் எங்களைப் போன்றவர்களிடம் வந்து பேசலாம். ஐசக் ஒரு விஷயத்தில் மிகச் சரியாக நடந்துகொண்டான். அத்தனை கோபத்திலும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அதற்கு முன்பே தெரிந்துகொண்ட பத்திரிகையாளர் டிரெண்ட் கிரிம்மும் சொல்லவில்லை. ஒருவரின் அந்தரங்கத்தை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவருக்கு மட்டுமே உள்ள உரிமை.

உடைமாற்றும் அறைக் காட்சியில் வீரர்கள் "எங்களுக்கு ஒண்ணும் இல்லை, கவலைப்படாதே" என்ற தொனியில் பேசுவார்கள். டெட் மறுத்து, எங்களுக்கு அதில் அக்கறை உண்டு, நீ இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்ற பொருளில் பேசுவார். அவர் அப்போது சொல்லும் உவமைக் கதை பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அது முழுமையாகப் பொருந்தவில்லை. ஆனால் அவர் தொட்ட இடம் சரியானது. "நீ என்னவா இருந்தா எனக்கென்ன" என்பதை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். கேட்பவருக்கு அது கதவு சாத்தப்படுவதுபோலவும் ஒலிக்கலாம்.

சில பெற்றோர் இந்தத் தொடரை ஒரு சோதனையாகவே பயன்படுத்தினார்கள். காலின் காட்சி வரும்போது மகனின் முகத்தை உற்றுப் பார்ப்பது, "நீயும் இப்படியா?" என்று விளையாட்டுபோலக் கேட்பது. தயவுசெய்து வேண்டாம். அவசரத்தில் அவர் மறுத்துவிட்டால், பின்னால் உண்மையைச் சொல்ல இன்னும் ஒரு சுவர் ஏற வேண்டியிருக்கும். "மாத்த முடியுமா டாக்டர்?" என்று கேட்டவர்களும் உண்டு. முடியாது, முயலவும் கூடாது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இலும், உலகச் சுகாதார நிறுவனம் 1990-இலும் நீக்கிவிட்டன. மாற்றுகிறேன் என்று செய்யப்படும் 'சிகிச்சைகள்' பலன் தருவதில்லை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்தான் அதிகமாக்குகின்றன.

சரி, ஏற்கெனவே ஏதோ சொல்லிவிட்டோம், இனி என்ன செய்வது? ஓர் அம்மா இப்படித்தான் வந்தார். ஒரு காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டதாகவும், மகன் சட்டென்று எழுந்து போனது அன்றிலிருந்து உறுத்துவதாகவும் சொன்னார். மகனிடம் போய் மன்னிப்பு கேட்கட்டுமா என்றார். நான் வேண்டாம் என்றேன். அவன் எதையும் சொல்லாதபோது, அந்த மன்னிப்பே 'எனக்குத் தெரியும்' என்று சொல்வதாகிவிடும். எந்த இடத்தில் சிரித்தீர்களோ அதே இடத்தில், டிவி முன்னாலேயே, உங்கள் மனம் மாறியதைச் சொல்லுங்கள், அவனைப் பார்த்துச் சொல்லாதீர்கள் என்றேன்.

மூன்றாம் சீசனின் ஆறாம் அத்தியாயத்தில், ஆம்ஸ்டர்டாமில் காலின் டிரெண்டிடம் மனம் திறப்பார். யாருக்கும் பிரதிநிதியாக இருக்க விருப்பமில்லை, ஜெயித்த பிறகு மற்ற வீரர்கள் தங்கள் காதலியை முத்தமிடுவதுபோல என் காதலனை முத்தமிட முடிந்தால் போதும் என்பார். கடைசி அத்தியாயத்தில், ஆட்டம் முடிந்த மைதானத்தில் அது நடக்கிறது.

அந்த அம்மா அடுத்த அமர்வில் சொன்னார். அந்தக் காட்சி வந்தபோது, திரையைப் பார்த்தபடியே, "பாவம், எவ்வளவு நாளா காத்திருந்தான் பிள்ளை" என்றாராம். மகன் ஒன்றும் பேசவில்லை. "ஆனா எழுந்து போகல மேடம்" என்றார். "பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான்."